தமிழை அச்சில் கண்ட அண்டிரிக் அடிகளார்

சீன நாட்டில் பண்டைக் காலத்து வெண்கலக் கலங்களில் எழுத்துகளைப் பொறித்து வார்த்தனர். பன்னூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த எழுத்துக் கலைஞர்கள், அவ்வடிவங்களைத் தூரிகையால் தாளில் எழுதிப் பழகினர். அங்கே உலோகத்து எழுத்து தாளுக்கு வந்தது. நம் தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலில் வாழ்ந்த ஒருவரின் விடாமுயற்சியாலோ, ஓலையில் இருந்த தமிழ் எழுத்து உலோகத்தில் ஏறியது. அவரே அண்டிரிக் அடிகளார்.

போர்த்துக்கல் நாட்டு விலா விசோசா என்னும் ஊரில் 1520-இல் பிறந்தவர் இவர். முன்னோர் யூதர் என்பதற்காக, முதலில் சேர்ந்த துறவற சபையிலிருந்து விலக்கப்பட்டார். எவ்வளவு நொந்திருப்பார்! 1545-இல் இயேசு சபை அவரை ஏற்றது. மறு ஆண்டே கோவா வந்தவர், அங்கிருந்து முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார்.

தொடக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் துணையோடுதான் போதித்தார். தாம் சொல்வது ஒன்று, மக்களுக்குப் போய்ச் சேர்வது வேறொன்று என்று கண்டதும், வேறெதையும் பாராமல் தமிழ் கற்கலானார். கற்பிக்க இலக்கண நூல் இல்லை. வினைச்சொற்கள் திரியும் விதத்தை இலத்தீன் முறையில் தாமே வகுத்து எழுதினார். அதுவே பின்னர் போர்த்துக்கேய மொழியில் ஒரு தமிழ் இலக்கணமாயிற்று.

ஓலையில் ஒவ்வொரு படியாக எழுதி எத்தனை ஊர்களுக்குக் கொடுப்பது? 1554-இல் லிஸ்பன் நகரில் தமிழ்ச் சொற்கள் ரோமன் எழுத்தில் அச்சாகியிருந்தன. நம் மக்களுக்கு அதனால் என்ன பயன்? தமிழ் எழுத்தே வேண்டும். 1577-இல் கோவாவில் கொன்சால்வஸ் என்னும் சகோதரர் எழுத்துகளை வார்த்தார். அவை திருப்தியாக அமையவில்லை. அடுத்த ஆண்டு கொல்லத்தில் பாரியா பாதிரியார் புதிதாக வார்த்தார். 1578 அக்டோபர் 20-ஆம் நாள் 'தம்பிரான் வணக்கம்' வெளிவந்தது. பதினாறே பக்கங்கள்! இந்திய மொழி ஒன்றின் சொந்த எழுத்தில் நம் நாட்டில் அச்சான முதல் நூல் அதுதான். செலவுக்குப் பொருள் தந்தவர்கள் கடற்கரைப் பரதவ மக்கள். கடைசிப் பக்கத்தில் கோவா எழுத்தும் கொல்லத்து எழுத்தும் ஒருங்கே காட்டப்பட்டுள்ளன.

அந்நூலை இன்று நம் மாணவியர் கையில் கொடுத்தால் சற்றுத் திணறுவர். மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. எகர ஏகார வேறுபாடும் இல்லை. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று விட்டுவிடுவது அக்கால வழக்கம். உலோகத்துக்கு அந்த அச்சம் ஏது? ஆயினும் ஓலையின் பழக்கம் அப்படியே அச்சிலும் தொடர்ந்தது.

1579-இல் கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' அச்சாயிற்று. 1586-இல் புனிதர்களின் வரலாறு அறுநூறு பக்கங்களுக்கு மேல் விரிந்தது. அப்போது அடிகளாருக்கு வயது அறுபத்தாறு.

1600-இல் அவர் புன்னைக்காயலில் இறைவனடி சேர்ந்தார். தூத்துக்குடியில் அவரை அடக்கம் செய்தனர். 'தம்பிரான் வணக்க'த்தின் படி ஒன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.