தமிழ்த் தூதர் தனிநாயகம் அடிகளார்

1980ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கத் துறவி ஒருவர் தமது 67ஆம் வயதில் இயற்கை எய்தினார். அவர் பெயர் சேவியர் தனிநாயகம் அடிகளார். அவருடைய மறைவுக்கு வருந்தியவர்கள் அவர் சார்ந்திருந்த திருச்சபையினர் மட்டுமல்லர். சமய வேறுபாடின்றித் தமிழறிந்தோர் பலரும் தம் வீட்டுப் பெரியவரை இழந்தது போலத் துயருற்றனர். மலேசியாவில் அவரிடம் பயின்றவர்களுக்கோ அது நல்லாசிரியரின் இழப்பாக இருந்தது. இலங்கையில் பிறந்த ஒரு துறவிக்காக இத்தனை நாட்டு மக்கள் ஏன் வருந்தினர்? விடை அவருடைய வாழ்க்கையிலேயே இருக்கிறது.

அடிகளார் 1913ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைத் தீவிலுள்ள கரம்பொன் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரியிலும் யாழ்ப்பாணத்துப் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் கல்வி கற்றார். அக்காலத்தில் இத்தகைய கல்லூரிகளில் ஆங்கிலத்திற்கே முதலிடம். ஆங்கிலத்தில் புலமை பெற்ற அவருக்குத் தமிழ், வீட்டில் பேசும் மொழியாக மட்டுமே இருந்தது. சங்க இலக்கியத்தையோ திருக்குறளையோ முறையாகக் கற்கும் வாய்ப்பு அவருக்கு அமையவில்லை.

துறவு வாழ்வை விரும்பிய அவர், கொழும்பில் தொடக்கப் பயிற்சியை முடித்துக்கொண்டு 1934ஆம் ஆண்டு உரோமாபுரிக்குச் சென்றார். அங்கே இறையியல் பயின்று 1938ஆம் ஆண்டு குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். இலத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு போன்ற மொழிகளையும் கற்றார். பன்னாட்டு மாணவர்கள் கூடிப் படித்த அந்நகரத்தில் ஒவ்வொருவரும் தத்தம் நாட்டின் மொழியையும் பண்பாட்டையும் பெருமையோடு பேசுவதை அவர் கண்டார். தமிழின் பெருமையைப் பிறருக்கு எடுத்துச் சொல்ல வேண்டுமானால், முதலில் தாம் அதனை நன்கு கற்றாக வேண்டும் என்னும் எண்ணம் அவருள் வேரூன்றியது.

1940ஆம் ஆண்டு அடிகளார் தமிழ்நாட்டின் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் பணியேற்றார். திருநெல்வேலிச் சீமையிலுள்ள வடக்கன்குளத்துப் பள்ளியில் ஆசிரியரானார். தம்மைச் சூழ்ந்திருந்த மக்கள் பேசிய வளமான தமிழும் அவர்களுடைய பண்டிதர்கள் பேசிய இலக்கியத் தமிழும் தமக்குக் கைவரவில்லை என்பதை அவர் உணர்ந்தார். அதனை மறைக்கவில்லை, அதற்காக வெட்கப்பட்டு ஒதுங்கவும் இல்லை. குருசாமி சுப்பிரமணிய ஐயர் என்னும் பண்டிதரை ஆசிரியராக ஏற்றுத் தமிழ் இலக்கண இலக்கியங்களைத் தொடக்கத்திலிருந்து கற்றார். உரோமாபுரியில் உயர்கல்வி பெற்ற துறவி, ஒரு கிராமத்தில் மாணவராக அமர்ந்து பாடம் கேட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழைக் கடந்திருந்தது.

கற்கக் கற்கத் தமிழின் மீது அவருக்கிருந்த ஆர்வம் பெருகியது. 1945ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தமிழில் முதுகலைப் பட்டம் பெற்றபின், பழந்தமிழ்ப் பாடல்களில் இயற்கை என்னும் பொருளை ஆராய்ந்து இன்னொரு பட்டமும் பெற்றார். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என நிலத்தையும் மனித உணர்வையும் இணைத்துப் பாடிய புலவர்களின் நுட்பத்தை அவர் ஆங்கிலத்தில் விளக்கினார். தமிழறியாத அறிஞர்களும் சங்கப் பாடல்களின் சிறப்பை உணர அந்த ஆய்வு வழிசெய்தது.

அதன்பின் அடிகளார் உலகப் பயணத்தைத் தொடங்கினார். ஜப்பான், அமெரிக்கா, தென்னமெரிக்க நாடுகள் எனச் சென்ற இடமெல்லாம் தமிழைப் பற்றி உரையாற்றினார். இந்தியாவைப் பற்றி ஆராய்ந்த வெளிநாட்டறிஞர்கள் பலர் சமற்கிருதத்தை மட்டுமே அறிந்திருப்பதைக் கண்டார். அக்குறையைப் போக்க 1952ஆம் ஆண்டில் ‘தமிழ் கல்ச்சர்’ என்னும் ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். பல நாட்டு ஆய்வாளர்கள் தமிழ் குறித்து எழுதவும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவும் அவ்விதழ் உதவியது.

சென்ற நாடுகளிலெல்லாம் அவர் நூலகங்களையும் தேடிச் சென்றார். 1554ஆம் ஆண்டு போர்த்துகல் நாட்டின் லிஸ்பன் நகரில், தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்துகளில் அமைத்து அச்சிடப்பட்ட சமய நூலைப் பற்றித் தமிழுலகுக்கு எடுத்துரைத்தார். அந்தாம் தெ புரோயன்சா என்னும் பாதிரியார் தொகுத்து 1679ஆம் ஆண்டு அச்சான தமிழ்-போர்த்துகீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்தார். ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் மறைந்திருந்த அந்த அகராதி, அவருடைய முயற்சியால் 1966ஆம் ஆண்டு கோலாலம்பூரில் மறுபதிப்புக் கண்டது.

1952ஆம் ஆண்டு முதல் அடிகளார் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் விரிவுரையாளராகப் பணிபுரிந்தார். இடையில் இலண்டன் சென்று, பழந்தமிழரின் கல்விச் சிந்தனைகளை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். 1956ஆம் ஆண்டில் இலங்கையில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் சட்டம் இயற்றப்பட்டது. அப்போது தமிழின் உரிமைக்காக அவர் பேச்சாலும் எழுத்தாலும் வாதாடினார். 1961ஆம் ஆண்டு மலாயாப் பல்கலைக்கழகம் அவரை இந்திய ஆய்வியல் துறையின் தலைவராகவும் பேராசிரியராகவும் அமர்த்தியது.

அவர் வந்த காலத்தில் நம் நாட்டுத் தமிழர் பலரின் வாழ்வு இரப்பர்த் தோட்டங்களைச் சார்ந்திருந்தது. பேராக் மாநிலத்தின் கோலாகங்சாரில் 1877ஆம் ஆண்டிலேயே இரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பின்னர் ஈப்போவைச் சுற்றியும் சுங்கை சிப்புட், தாப்பா போன்ற வட்டாரங்களிலும் தோட்டங்கள் பெருகின. விடியுமுன்னே பெரட்டுக்குச் சென்று, பால்வாளியைச் சுமந்து உழைத்த பெற்றோரின் பிள்ளைகள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளில் படித்தனர். விடுதலைக்குப் பின் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. வேலையும் லயத்து வீடும் ஒருசேரப் பறிபோகும் நிலை தொழிலாளர்களுக்கு ஏற்பட்டது. சுங்கை சிப்புட் மண்ணில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்துத் தோட்டங்களை வாங்க வழிகண்டார். அவரும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவரே.

தோட்ட மக்கள் தம் வறுமையிலும் தமிழை மறக்கவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை உருவானபோது, அதில் தமிழுக்கு உரிய இடம் வேண்டுமென ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி குரல் கொடுத்தார். அவர் தொடங்கிய ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதிக்கு எளிய மக்கள் சிறுசிறு தொகையை வழங்கினர். அந்நிதி அத்துறையின் தமிழ் நூலகத்திற்குப் பயன்பட்டது. உழைப்பாளிகளின் வியர்வையும் கலந்து வளர்ந்த அந்தத் துறையைத்தான் அடிகளார் உலகறியச் செய்தார்.

1964ஆம் ஆண்டு சனவரித் திங்களில் புதுடில்லியில் கீழ்த்திசை ஆய்வாளர்களின் அனைத்துலக மாநாடு நடைபெற்றது. அங்குக் கூடிய தமிழ் ஆய்வாளர்களை ஒன்றுசேர்த்து, அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை நிறுவுவதற்கு அடிகளார் முன்னின்றார். மன்றத்தின் முதல் மாநாட்டை எங்கே நடத்துவது? தமிழர் மிகுதியாக வாழும் தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ அது நடைபெறவில்லை. பல இனத்தவர் ஒன்றாக வாழும் மலேசியாவில் நடைபெற்றது. 1966ஆம் ஆண்டு ஏப்ரல் 16 முதல் 23 வரை கோலாலம்பூரில் கூடிய அம்மாநாட்டைப் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் தொடங்கி வைத்தார். இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து அறிஞர்கள் வந்தனர். தோட்டத்து மொழி என்று சிலர் குறைவாக எண்ணிய தமிழைச் செக் நாட்டவரும் பிரெஞ்சு நாட்டவரும் ஆராய்வதை மலேசியத் தமிழர் நேரில் கண்டனர். தாழ்வு மனப்பான்மையைப் போக்கும் மருந்தாக அக்காட்சி அமைந்தது.

இரண்டாம் மாநாடு 1968ஆம் ஆண்டு சென்னையிலும், மூன்றாம் மாநாடு 1970ஆம் ஆண்டு பாரிசிலும் நடைபெற்றன. 1969ஆம் ஆண்டு மலாயாப் பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வுபெற்ற அடிகளார், பின்னர் யாழ்ப்பாணம் திரும்பினார். அவர் பிறந்த மண்ணிலேயே 1974ஆம் ஆண்டு சனவரியில் நான்காம் மாநாடு கூடியது. மாநாட்டின் இறுதிநாளான சனவரி 10ஆம் நாள் மாலை, பொதுக்கூட்டத்தில் காவல்துறையினர் தலையிட்டதைத் தொடர்ந்து பொதுமக்கள் சிலர் உயிரிழந்தனர். தமிழைக் கேட்க வந்தவர்கள் பிணமாகத் திரும்பிய அந்த மாலை தமிழர் நெஞ்சில் ஆறாத வடுவானது. அறிவின் வழியே மக்களை ஒன்றிணைக்கப் பாடுபட்ட அடிகளாருக்கு அது எத்தகைய வேதனையாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆயினும் அவர் தமது பணியைக் கைவிடவில்லை.

ஐந்தாம் மாநாடு மதுரையில் 1981ஆம் ஆண்டு சனவரியில் கூடுவதாக இருந்தது. அதற்கு நான்கு திங்களுக்கு முன்பே அடிகளார் மறைந்தார். அறிஞர்கள் திரண்டிருந்த மதுரையில் அவர்களை முதன்முதலில் ஒன்றுசேர்த்தவர் இல்லை. தந்தையின்றி நடைபெறும் திருமணம் போல அம்மாநாடு மகிழ்ச்சியும் துயரமும் கலந்ததாக அமைந்தது. ஆனால், அவர் இல்லாதபோதும் மாநாடு நடந்தது என்பதே அவருடைய வெற்றி. தம்மைச் சுற்றி மட்டும் கூட்டம் சேர்த்தவர் மறைந்தால் கூட்டம் கலைந்துவிடும். அடிகளாரோ பிறர் தொடரக்கூடிய ஒரு பணியை விட்டுச் சென்றார்.

அப்பணி மீண்டும் மீண்டும் நம் நாட்டிற்கு வந்து சேர்ந்தது. 1987, 2015, 2023 ஆகிய ஆண்டுகளிலும் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. அவற்றுள் 2023ஆம் ஆண்டின் மாநாடு, அடிகளார் பாடம் நடத்திய மலாயாப் பல்கலைக்கழகத்திலேயே கூடியது.

இன்று பேராக்கின் பழைய இரப்பர்த் தோட்டங்கள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துள்ளன. லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் ஈப்போ போன்ற நகரங்களில் குடியேறிவிட்டன. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிகளில் பயில்கின்றனர். தமிழைத் தேர்வுப் பாடமாக எடுப்பதா வேண்டாமா என்று அவர்களுள் சிலர் தயங்குகின்றனர். தமக்குத் தமிழ் சரளமாக வராது என்றும், இனிக் கற்கக் காலம் கடந்துவிட்டது என்றும் எண்ணுகின்றனர்.

இருபத்தேழு வயதுக்குப் பின் பண்டிதர் ஒருவரின் முன் மாணவராக அமர்ந்தவரே தமிழை உலக அரங்கில் ஏற்றினார். ஒரு பெரியவரின் மறைவுக்குக் கண்ணீர் வடிப்பது இயல்பு. அக்கண்ணீர் சில நாளில் காய்ந்துவிடும். அவர் கற்ற மொழியைக் கற்பதும், அவர் தேடிய நூல்களைத் திறந்து பார்ப்பதுமே அடிகளாருக்குச் செலுத்தும் நிலையான அஞ்சலியாகும்.