மண்ணின் பசியும் மனிதன் பசியும்

ஒரு குழந்தையின் விலை என்ன? ஒரு குதிரை! கொள்ளைக் கும்பல் தாயையும் சேயையும் தூக்கிச் சென்றது. சேயை மீட்டு வந்தவனுக்கு எஜமானன் ஒரு குதிரையைக் கொடுத்தான். தாய் திரும்பவே இல்லை. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலே, 1864-ஆம் ஆண்டையொட்டி அடிமைக் குடிசையில் பிறந்த அந்தக் கறுப்பினக் குழந்தைதான் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்.

படிக்கத் துடித்தார். கன்சாஸ் கல்லூரி ஒன்று இடம் தந்தது. நேரில் போனதும் நிறத்தைப் பார்த்துக் கதவைச் சாத்தியது. கதவைச் சாத்தும் கலை நாம் அறியாததா? சலவைத் தொழில் செய்து வயிறு கழுவி, அயோவாவிலே வேளாண்மைப் பட்டம் பெற்றார். 1896-ல் அலபாமாவின் டஸ்கெகி கல்வி நிலையத்துக்கு ஆசிரியராகச் சென்றார்.

அங்கே கண்டது பருத்தி, பருத்தி, மீண்டும் பருத்தி! மண் சத்திழந்து கிடந்தது. அதை உழுத வாரக் குடியானவன் தின்றதோ பன்றிக் கொழுப்பு, மக்காச்சோள மாவு, வெல்லப்பாகு. வயிறு நிறைந்தது, உடல் பட்டினி கிடந்தது. தோல் வெடித்து, புத்தி பேதலிக்கும் பெல்லாக்ரா நோய் தென் மாநிலங்களிலே பலரை மாய்த்தது.

மண்ணின் நோய்க்கும் மனிதனின் நோய்க்கும் மருந்து ஒன்றே என்றுணர்ந்தார் கார்வர். தட்டைப்பயறும் நிலக்கடலையும் மாற்றிப் பயிரிடச் சொன்னார். அவற்றின் வேர் முடிச்சிலே வாழும் நுண்ணுயிர் காற்றின் நைட்ரஜனைப் பிடித்து மண்ணை வளமாக்கும்; விளைச்சலோ ஏழைக்குப் புரதம் தரும். பெல்லாக்ராவைத் தடுக்கும் நியாசின் நிலக்கடலையிலே நிறைய உண்டு என்பதைப் பிற்கால அறிவியல் காட்டியது. காட்டுச் சருகையே எருவாக்கக் கற்பித்தார். 1906-ல் வண்டியொன்றிலே பள்ளியையே ஏற்றி, உழவன் வாசலுக்கு அனுப்பினார். 1916-ல் நிலக்கடலையைச் சமைக்க 105 வழிகளைச் சிறு நூலாக்கினார். நிலக்கடலை வெண்ணெய் அவர் கண்டுபிடிப்பு என்பது வெறும் கதை; அவர் புகழுக்கு அந்தக் கதை தேவையில்லை.

ஆனால், தோழர்களே, நிலம் யாருடையது? பருத்தி போட்டால்தான் கடன் என்றான் பணம் படைத்தவன். பயறு விதைக்க அறிவு இருந்தது, உரிமை இல்லை. கார்வரின் போதனை பல குடிசைகளிலே பசியைக் குறைத்தது. விலங்கை உடைக்க அதனால் இயலவில்லை.

47 ஆண்டு உழைத்து, சேமித்த பணத்தையும் ஆராய்ச்சிக்கே தந்துவிட்டு, 1943 ஜனவரி 5-ல் மறைந்தார்.

சோற்றுப் பானையைப் பார்க்கும்போது மண்ணையும் நினைப்போம். மண்ணை நினைக்கும்போது, அதை உழுபவனின் உரிமையையும் கேட்போம்!