வாடகைப் புத்தகத்துடன் வந்த ஆய்வாளர்

இங்கிலாந்தில் உள்ளாட்சி மன்றங்களும் வீட்டுவசதிச் சங்கங்களும் வாடகைக்கு விடும் வீடுகளின் நிர்வாகத்தை, அரசின் ஒழுங்காற்று அமைப்பு 2024 ஏப்ரல் முதல் ஆய்வு செய்து தரம் வழங்குகிறது. ஆயிரமும் அதற்கு மேலும் வீடுகள் வைத்துள்ள நிறுவனங்கள் நான்காண்டுக்கு ஒருமுறை இந்த ஆய்வுக்கு உட்பட வேண்டும். 'சி1' நல்ல தரம். 'சி4' மிகக் கடுமையான குறைபாடு. 2017-இல் 72 உயிர்களைப் பறித்த கிரென்ஃபெல் அடுக்குமாடித் தீவிபத்துக்குப் பின் எழுந்த கோரிக்கைகளின் விளைவு இது. இந்த அறிக்கைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆக்டேவியா ஹில் நினைவுக்கு வருகிறார்.

1838-இல் கேம்பிரிட்ஜ்ஷைரின் விஸ்பெக் நகரில் பிறந்தவர் ஹில். தந்தை தானிய வணிகர். வங்கித் தொழிலிலும் ஈடுபட்டவர். ஹில் கைக்குழந்தையாக இருந்தபோதே அவர் நொடித்துப் போனார். தாய்வழிப் பாட்டனார் சௌத்வுட் ஸ்மித், நகரச் சுகாதாரச் சீர்திருத்தத்துக்கு உழைத்த மருத்துவர். பதினான்கு வயதிலேயே, ஏழைச் சிறுமியர் பொம்மை செய்யும் பட்டறை ஒன்றின் பொறுப்பு ஹில்லிடம் வந்தது. அச்சிறுமியர் வாழ்ந்த இருட்டறைகளை அவர் நேரில் கண்டது அப்போதுதான்.

கலை விமர்சகர் ஜான் ரஸ்கினுக்கு ஓவியங்களைப் பிரதி எடுத்துக் கொடுத்து வந்த ஹில், தம் திட்டத்தை அவரிடமே சொன்னார். 1865-இல் லண்டன் மேரில்போன் பகுதியில் மூன்று வீடுகளை 750 பவுண்டுக்கு ரஸ்கின் வாங்கினார். தெருவின் பெயர் பாரடைஸ் பிளேஸ், அதாவது சொர்க்கம். படிக்கட்டுக் கைப்பிடிகள் அடுப்பில் எரிந்து போயிருந்தன. சன்னல் கண்ணாடிகள் உடைந்திருந்தன. தண்ணீர்த் தொட்டி ஒழுகியது.

ரஸ்கின் முதலீட்டுக்கு ஐந்து விழுக்காடு ஆதாயம் கேட்டார். பேராசையால் அல்ல. தருமமாக நடத்தினால் மூன்று வீடுகளோடு நின்றுவிடும், ஆதாயம் கிடைத்தால் பிற செல்வந்தரும் பின்தொடர்வர் என்பது அவர் கணக்கு. பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில், இந்த வரம்பை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். ஆதாயத்துக்கு உச்சவரம்பு இருந்ததால் எஞ்சிய பணம் வீட்டுக்கே திரும்பியது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஆண்டுதோறும் பழுதுபார்ப்புக்கென ஒரு தொகை ஒதுக்கப்பட்டது. உடைப்பும் சேதமும் குறைந்தால், மீதத்தில் அலமாரி வேண்டுமா, துணி வெளுக்கும் கொப்பரை வேண்டுமா என்பதைக் குடியிருந்தோரே தீர்மானித்தனர்.

வாரந்தோறும் ஹில்லும் அவர் பயிற்றுவித்த பெண்களும் வாடகைப் புத்தகத்துடன் வாசலில் நின்றனர். வசூல் ஒரு சாக்கு என்றே சொல்லலாம். கூரை ஒழுகுகிறதா, சாக்கடை அடைத்திருக்கிறதா, வேலை இழந்தவர் யார் என்பதெல்லாம் அந்தச் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். வேலையற்ற மாதங்களில் சுவருக்கு வெள்ளையடிக்கும் பணியைக் குடியிருப்போருக்கே தந்தார். 1874-க்குள் அவர் பொறுப்பில் ஏறக்குறைய 3,000 பேர் வாழ்ந்தனர். 1884-இல் சதர்க் பகுதியில் தேவாலயச் சொத்துகளின் நிர்வாகமும் அவரிடம் வந்தது. 1895-இல் நேஷனல் டிரஸ்ட் அமைப்பை நிறுவிய மூவரில் ஒருவர் என்றே இன்று பலரும் அவரை அறிவர்.

ஆனால் அவரைப் புனிதராக்க நான் விரும்பவில்லை. வாடகை பாக்கி வைத்தவரை அவர் தயங்காமல் வெளியேற்றினார். சாக்கடையையும் தண்ணீரையும் உடனே சரிசெய்தார். மற்றப் பழுதுகளோ, குடியிருப்போர் ஒழுங்காக நடந்தால் கிடைக்கும் பரிசாக இருந்தன. உரிமை என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. முதியோர் ஓய்வூதியத்தையும் பெண்களுக்கான வாக்குரிமையையும் எதிர்த்தார். உள்ளாட்சி வீடு கட்டுவதையும் எதிர்த்தார். அது ஏழைகளிலும் ஏழையரைச் சென்றடையாது என்றார். 1900-இல் லண்டன் மாவட்ட மன்றம் திறந்த பவுண்டரி எஸ்டேட்டில், இடிக்கப்பட்ட சேரியின் பழைய குடிகளில் மிகச் சிலரே குடியேற முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் தனியார் முதலீட்டால் மட்டும் தீரும் அளவில் லண்டனின் தேவை இருக்கவில்லை.

1912 ஆகஸ்டில் அவர் மறைந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்ய முன்வந்தனர். அவரது விருப்பப்படி கென்ட்டின் கிராக்கம் ஹில் சிற்றூரிலேயே அடக்கம் நடந்தது.

இன்றைய ஆய்வாளர்கள் வீடு வீடாகச் செல்வதில்லை. நிறுவனத்தின் பதிவேடுகளைச் சோதிக்கின்றனர். வாடகைதாரர்கள் சிலரைச் சந்திக்கின்றனர். 'சி3' என்று தீர்ப்பு வந்தால் வாடகைதாரர் கையில் ஒரு பிடி கிடைக்கிறது. பழுது இனி பரிசு அல்ல, கடமை. வாடகையும் அதற்காக உடனே உயர்ந்துவிடாது.

அதே கட்டடத்தில் இன்னொருவர் இருக்கிறார். 1980-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டப்படி உள்ளாட்சி வீட்டை வாங்கியவர், அல்லது அவரிடமிருந்து வாங்கியவர். அதாவது நீண்டகாலக் குத்தகைதாரர். கூரையும் மின்தூக்கியும் புதுப்பிக்கப்படும்போது செலவில் ஒரு பங்கு அவர் தலையில் விழும். தீப்பாதுகாப்புச் செலவில் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் ஓரளவு காப்பளித்தது. ஒழுகும் கூரைக்கு அந்தக் காப்பு இல்லை. நிறுவனம் பல ஆண்டுகள் தள்ளிப்போட்ட வேலைக்கு, ஆய்வுக்குப் பின் அவசரமாகச் செய்யும்போது, அவர் ஒரே தவணையில் பணம் கட்ட நேரலாம். பக்கத்து வீட்டு வாடகைதாரர் வரவேற்கும் அறிக்கையை அவர் அச்சத்துடன் பிரிக்கிறார். ஆண்டுதோறும் பழுதுக்கென ஒதுக்கிய ஹில்லின் கணக்குப் புத்தகத்தில் இத்தகைய திடீர்ச் சுமைக்கு இடமிருக்கவில்லை.