லோறா பிறிட்ஜ்மன் அம்மையார்

கண்ணுஞ் செவியும் ஒருங்கிழந்தும் கல்வியாற் சிறந்தார் யாவரெனின், ஹெலன் கெல்லர் அம்மையாரையே பலருங் கூறுவர். அவர் பிறப்பதற்கு அரை நூற்றாண்டின் முன்னே பிறந்து அந்நெறியிற் சென்றவர் லோறா பிறிட்ஜ்மன்.

1829 ஆம் ஆண்டு திசம்பர் 21 ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் ஹனோவர் என்னும் ஊரில் உழவர் குடியிற் பிறந்த லோறாவுக்கு, இரண்டாம் வயதிலே கண்ட செங்காய்ச்சல் பார்வையையுங் கேள்வியையுங் கவர்ந்து, மோப்பத்தையும் சுவையையும் மழுங்கச் செய்தது. ஊறு என்னும் ஒரு புலனே எஞ்சிற்று. 1837 இல் வைத்தியர் சாமுவேல் ஹோ, பொஸ்டன் நகரில் தாம் நடாத்திய பேர்க்கின்ஸ் குருடர் கல்லூரிக்கு அவரை அழைத்துச் சென்றார். கரண்டி, கத்தி, திறப்பு முதலியவற்றின்மேல் மேடெழுத்திலமைந்த பெயர்ச்சீட்டுக்களை ஒட்டித் தடவச் செய்தார். பல நாளும் வெறும் நினைவாற்றலாற் சீட்டுக்களைப் பொருளோடு பொருத்திவந்த சிறுமி, தன் உள்ளத்துள்ளதைப் பிறர்க்கு உணர்த்தும் வாயில் இதுவே என்பதை ஒருநாள் உணர்ந்தாள். பின்னர் உள்ளங்கையில் எழுதும் விரலெழுத்துங் கைவந்தது. 1842 இல் நேரிற் கண்ட டிக்கன்ஸ் தம் பயணநூலிற் புகழ்ந்தெழுதவே, லோறாவின் பெயர் உலகெங்கும் பரந்தது.

இதுகாறும் பலரும் அறிந்த கதை. இதன் பின்னரே அறியவேண்டியது உளது. பள்ளியின் இறுதி நாளை நம் மாணாக்கர் விடுதலை நாளென எதிர்நோக்குவர். லோறாவுக்கோ அது மீண்டும் மௌனத்துட் புகும் நாளாயிற்று. இருபதாம் வயதில், 1850 இல், அவருடைய ஆசிரியை விலகியதும் முறையான கல்வி முடிந்தது. தாய்வீடே தக்க இடமென ஹோ எண்ணினார். அங்கே அன்புக்குக் குறைவில்லை. ஆயினும் வயல்வேலையும் வீட்டுவேலையும் நிறைந்த அம்மனையில், அவர் கையிலே எழுத்தெழுத்தாகப் பேச யாருக்கு நேரம்? அவர் உடல் மெலிந்து படுக்கையிற் கிடந்தார். தொடங்குதற்கு அத்துணை ஆராய்ச்சி செய்த பேரறிவாளர், முடிந்தபின் மாணவி யாரோடு பேசி வாழ்வாள் என்பதை ஆராயாது விட்டமை வியப்பே.

ஹோ தம் தவற்றை உணர்ந்து அவரைப் பொஸ்டனுக்கு மீட்டார். டொறதியா டிக்ஸ் முதலிய நண்பர் முயன்று ஒரு நிதி திரட்டினர். கல்லூரியே அவர்க்கு வீடாயிற்று. கோடையில் ஹனோவர் சென்று வருவார். பின்னலும் தையலுஞ் செய்து விற்றார். குருடச் சிறுமியர்க்குத் தையலிலே துணைபுரிந்தார். அவர்தம் தையலிற் பிழை தென்படின் பிரித்தெறியத் தயங்காராம்! 1876 இல் இறந்த ஹோ, தம் இறுதிச் சாசனத்திலும் அவர்க்கு வகை செய்திருந்தார்.

அக்கல்லூரியிற் பயின்ற ஆன் சலிவன், லோறாவோடு பழகி விரலெழுத்தைக் கற்றார். 1887 இல் ஹெலனுக்குக் கற்பிக்கச் சென்றபோது அவர் கொண்டுபோன பாவைக்கு ஆடை தைத்தவர் லோறாவே. அடுத்த ஆண்டு ஹெலனும் நேரில் வந்து அவரைக் கண்டார். 1889 மே 24 இல், தம் ஐம்பத்தொன்பதாம் வயதில், அக்கல்லூரியிலேயே லோறா காலமானார்.