அண்டை வீட்டுக் கஞ்சி

கஞ்சிக்கோடு அமைந்துள்ள பாலக்காடு மாவட்டத்தில் வடவன்னூர் என்னும் சிற்றூர் உள்ளது. எம்.ஜி.ஆர். எனப் புகழ்பெற்ற ம.கோ. இராமச்சந்திரனின் தாய் சத்தியபாமா அவ்வூரைச் சேர்ந்தவர்.

இராமச்சந்திரன் 1917இல் இலங்கையில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தந்தை கோபால மேனனை இழந்தார். சத்தியபாமா பிழைப்புத் தேடிப் பிள்ளைகளுடன் கும்பகோணம் வந்தார். அடுப்பில் பூனை உறங்கிய நாள்கள் பல. பட்டினியால் வாடிய ஒரு நாளில், அண்டை வீட்டுப் பெண்மணி ஒருவர் கொடுத்த கஞ்சியே அக்குடும்பத்தின் உயிரைக் காத்தது. இராமச்சந்திரன் அதை வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

அவரும் அண்ணன் சக்கரபாணியும் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு நாடகக் குழுவில் சேர்ந்தனர். கலையார்வம் பின்னர் வளர்ந்திருக்கலாம். அன்று அவர்களை அங்கே அழைத்துச் சென்றது பசிதான். 1936இல் திரைக்கு வந்த இராமச்சந்திரன், 1977இல் தமிழ்நாட்டின் முதலமைச்சரானார்.

1982ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் அவர் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். காமராசர் காலத்து மதிய உணவு பள்ளி மாணவர்க்கு உரியது. இதுவோ பள்ளி செல்லாத இரண்டு வயதுக் குழந்தைக்கும் சோறிட்டது. தந்தையை இழந்தபோது அவருக்கும் ஏறத்தாழ அதே வயதுதான். இத்துணைப் பெருஞ்செலவை அரசு தாங்குமா எனப் பலர் ஐயுற்றனர். அவர் பின்வாங்கவில்லை.

1987இல் அவர் மறைந்தார். வடவன்னூரில் உள்ள அக்குடும்பத்தின் பழைய வீட்டில் பின்னாளில் ஓர் அங்கன்வாடி நடைபெற்றது. இன்று அது நினைவில்லமாக விளங்குகிறது.