கூடையை உயரத்தில் வைத்தவர்

கூடைப்பந்தாட்டத்தைக் கண்டவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பதை ஆட்டக்காரர் பலர் அறிவர். அவர் வாழ்க்கையை அறிந்தோர் சிலரே.

1861 நவம்பர் 6-இல் கனடாவின் ஆல்மான்ட் பகுதியில் அவர் பிறந்தார். 1870-இல் தாய் தந்தை இருவரையும் டைபாய்டு காய்ச்சல் கொண்டுபோயிற்று. தாய்மாமன் வளர்த்தார். பள்ளியை விட்டு மரம் வெட்டப் போன அந்த இளைஞர், பின்னர் மனம் மாறிப் படிப்பைத் தொடர்ந்து மக்கில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார், இறையியலும் பயின்றார். சமயப் போதகராகியிருக்க வேண்டியவர் உடற்பயிற்சி ஆசிரியரானார்.

1891 குளிர்காலத்தில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் 18 மாணவர் கொண்ட வகுப்பு ஒன்று அவர் தலையில் விழுந்தது. முன்பிருந்த ஆசிரியர் இருவர் அடக்க முடியாமல் கைவிட்ட வகுப்பு அது! கூடத்துக்குள் ஆடத்தக்க புதிய ஆட்டம் ஒன்றை 14 நாட்களுக்குள் உருவாக்குமாறு மேலாளர் லூதர் குலிக் பணித்தார். கால்பந்து முதலியவற்றைக் கூடத்துக்குள் ஆடிப் பார்த்ததில் அடிபட்டதுதான் மிச்சம்.

அப்போது பிள்ளைப் பருவ ஆட்டமொன்று அவர் நினைவுக்கு வந்தது. பாறைமேல் வைத்த கல்லை வேறொரு கல்லால் எறிந்து வீழ்த்த வேண்டும். காவலுக்கு ஒருவன் நிற்பான். வேகமாக எறிந்தவனின் கல் தொலைவில் போய் விழும். அதை எடுத்து வருமுன் காவல்காரனிடம் அகப்படுவான். மெல்ல வளைத்து எறிந்தவனே தப்புவான். இலக்கு தலைக்குமேல் இருந்தால் எல்லோரும் வளைத்துத்தான் எறிய வேண்டும். காப்பவர் கூட்டமாக நின்று மறிக்கவும் இயலாது. இவ்வாறு எண்ணியே பீச் பழக் கூடைகளைப் பத்தடி உயர மாடக் கைப்பிடியில் அறைந்தார். டிசம்பர் 21-இல் நடந்த முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கோல்.

உப்பளத்தில் எறியைத் தடுக்கப் பழகும் எனக்கு இச்செய்தி வியப்பளித்தது. நான் பழகும் வித்தைக்கு இடமில்லாமல் செய்யவே அவர் கூடையை உயர்த்தியிருக்கிறார்! ஆயினும் அவருடைய 13 விதிகளே அவ்வித்தைக்கும் இலக்கணம். தோளால் இடித்தல், பிடித்தல், தள்ளல் கூடாது. கூடையைக் காப்பவர் அசைக்கவும் கூடாது. எஞ்சியது பந்து ஒன்றே. எறிபவன் கையை விட்டுப் பந்து மேலேறும்போதே, உடலில் படாமல், நேர்மேலே எழும்பித் தொட வேண்டும். ஆரம்ப நாட்களில் மாடத்திலிருந்த பார்வையாளர்களும் கை நீட்டிப் பந்தைத் தட்டிவிட்டனராம். கூடைக்குப் பின்னே பலகை வந்ததற்கு அவர்களே காரணம்.

புதுவை பிரெஞ்சுக் கொடியின்கீழ் இருந்த 1893-ஆம் ஆண்டு டிசம்பர் 27-இல் பாரிசின் திரேவீஸ் தெருக் கூடத்தில் ஐரோப்பாவின் முதல் ஆட்டம் நடைபெற்றது. சென்னையில் ஹாரி குரோ பக் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது 1920-இல்.

நெய்ஸ்மித் 1898-இல் கான்சஸ் பல்கலைக்கழகம் சேர்ந்தார். மருத்துவப் பட்டமும் பெற்றிருந்த அவர், பயிற்சியாளராக அங்கு வென்றது 55 ஆட்டம், தோற்றது 60. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் தம் ஆட்டம் அரங்கேறியதை நேரில் கண்டார். இறுதியாட்டத்தில் அமெரிக்கா 19-8 என்று வென்றது, அவர் பிறந்த கனடாவை. 1939 நவம்பர் 28-இல் காலமானார். பின்னர் நெட்டையர் சிலர் கூடைக்கு மேலேயே பந்தைத் தட்டத் தொடங்கவே, கீழிறங்கும் பந்தைத் தொடலாகாது என்ற விதி 1944-இல் அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் எழுந்தது.