மைக்கறையில் மனம் கண்டவர்

வெள்ளைத்தாளில் சிறிது மை தெளித்து, மடித்து விரித்தால் இருபுறமும் ஒத்த வடிவம் தோன்றும். அது ஒருவர் கண்ணுக்கு வௌவால். மற்றொருவர் கண்ணுக்கு வண்ணத்துப்பூச்சி. இவ்வேறுபாட்டை ஆராய்ந்தவர் ஹெர்மன் ரோர்ஷாக்.

இவர் 1884ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பிறந்தார். தந்தையார் ஓவிய ஆசிரியர். பள்ளித் தோழர்கள் இவருக்கு மைக்கறை எனப் பொருள்படும் பட்டப்பெயரை இட்டனர். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். ஓவியமா, மருத்துவமா எனத் தயங்கி, இறுதியில் மனநல மருத்துவரானார்.

மைக்கறைப் படங்களை நோயாளிகளுக்கும் நலமுடையோருக்கும் காட்டினார். அவர்கள் எதைக் கண்டனர் என்பதினும், எவ்வாறு கண்டனர் என்பதையே உற்றுநோக்கினார். முழுவடிவைக் கண்டோர் சிலர். சிறு பகுதியைக் கண்டோர் சிலர். நிறமே சிலரைக் கவர்ந்தது. அசைவே சிலருக்குத் தெரிந்தது. அவரவர் இயல்பை அறிய இவை துணைசெய்யும் என அவர் கருதினார்.

1921இல் பத்துப் படங்களுடன் அவர் நூல் வெளிவந்தது. வாங்கியோர் மிகச் சிலரே. மறு ஆண்டிலேயே, 37ஆம் வயதில், ரோர்ஷாக் மறைந்தார். அதன் பின்னரே அச்சோதனை உலகெங்கும் பரவியது.

ஒரு சோதனை மட்டுமே மனிதரை முழுமையாக அளந்துவிடாது என்று இன்றைய அறிஞர் பலர் கூறுகின்றனர். எனினும், ஒரே காட்சியை நாம் வெவ்வேறாகக் காண்கிறோம் என்பதை உணர்ந்தால், பிறர் பார்வையையும் மதிக்கக் கற்போம்.